மலைக்கு அந்தப் பக்கம் கட்டிய கப்பல்கள்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்தவர்கள் சிலர், கடலே இல்லாத ராஜபாளையம் வட்டாரத்தில் கப்பலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்விதான். இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் மரக்கப்பலின் கதை கடலில் தொடங்குவதில்லை. காட்டில் தொடங்குகிறது. காடு நமக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நம் பக்கத்துச் சரிவு மழை மறைவு. அந்தப் பக்கம் மழை கொட்டும். ராஜபாளையத்துக்குத் தெற்கே சிவகிரி மலைகளில் பெரியாறு பிறக்கிறது என்பது பொதுவான வழக்கு. அந்த ஆறு யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் வரை பேசியாகிவிட்டது. அந்த வழக்கை இன்று நான் எடுக்கப்போவதில்லை. எனக்கு வேண்டியது அது போய்ச் சேரும் இடம். மேற்குச் சரிவில் இறங்கி, காடுகளைக் கடந்து, கொச்சிக்கு அருகே காயலிலும் கடலிலும் கலக்கிறது. 1821, 1822 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அந்தக் கொச்சியில் பிரிட்டிஷ் கடற்படைக்காக மூன்று சிறிய பாய்மரப் போர்க்கப்பல்கள் கடலில் இறக்கப்பட்டன. அலிகேட்டர், சாமராங், டெர்மகண்ட். மூன்றாவதற்கு 1824இல் ஹெரால்டு என்று பெயர் மாற்றினார்கள். நானும் அந்தப் பெயரிலேயே சொல்கிறேன். இந்த மூன்று கப்பல்களும் என்ன வேலை பார்த்தன, எப்படி முடிந்தன என்பதுதான் என் பேச்சு.

இந்த மூன்றும் அத்தால் வகுப்பு என்ற ஒரே அச்சில் வார்த்தவை. பீரங்கிகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்களுக்கு ஆறு தரம் வைத்திருந்தது. நூறு பீரங்கிக்கு மேல் தாங்கியது முதல் தரம். நம்முடையவை ஆறாம் தரம், கடைசித் தரம். பீரங்கித் தளத்தின் நீளம் 113 அடி 8 அங்குலம், அகலம் முப்பத்தோரு அடிக்குச் சற்று மேல், கொள்ளளவு சுமார் 500 டன். மேல்தளத்தில் 32 ராத்தல் குண்டு போடும் குட்டைப் பீரங்கிகள் 20. பின்தளத்தில் 18 ராத்தல் குண்டு போடுபவை 6. முன்னால், ஓடும் கப்பலைத் துரத்தும்போது சுட, 9 ராத்தல் பீரங்கிகள் 2. ஆக 28. ஆட்கள் 175 பேர். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் வடத்தைப் பிடித்தவர்களுக்கு மரத்தின் கனம் கையிலேயே தெரிந்திருக்கும். அந்தக் கனத்தைப் போலப் பல மடங்கு மரத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் இவ்வளவு இரும்பையும் இவ்வளவு ஆட்களையும் ஏற்றி, பூமியைச் சுற்றிவர அனுப்பினார்கள். இருந்தும் கடற்படைக்குள் இவற்றுக்குப் பெரிய மரியாதை கிடையாது. பெரிய ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல் எதிரே வந்தால் இதால் நின்று அடிக்க முடியாது; சின்னக் கப்பலைத் துரத்தினால் பிடிக்க வேகம் போதாது. 28 பீரங்கிக் கப்பல்களைக் ‘கழுதை ஃபிரிகேட்’ என்று மாலுமிகளே கேலி செய்தார்கள்.

கேலி செய்தவர்கள் போரை மட்டும் பார்த்தார்கள். 1815இல் வாட்டர்லூவோடு நெப்போலியன் கதை முடிந்த பிறகு, பிரிட்டிஷ் கடற்படைக்குக் கடலில் சமமான எதிரி நெடுங்காலம் இல்லை. அப்படியானால் கடற்படை என்ன செய்தது? ஆளுநரை ஏற்றிக்கொண்டு போனது, ஒப்பந்தத் தாளைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியது, கரையோர ஊர்களை மிரட்டியது, கடலின் ஆழத்தை அளந்து படம் போட்டது. இந்த வேலைகளுக்கு எழுபத்துநாலு பீரங்கிக் கப்பல் தேவையில்லை; அது கரைக்குப் பக்கத்திலேயே வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரரசு நடந்தது இந்தக் கழுதைகளின் முதுகில்தான் என்பது என் கட்சி. அதற்கு மூன்று கழுதைகளைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறேன்.

முதலில் மரம். இங்கிலாந்தின் போர்க்கப்பல் ஓக் மரத்தில் கட்டியது. நெப்போலியன் போர்களின்போது ஓக் கிடைப்பது அரிதாகிவிட்டது. கப்பலுக்கு ஏற்ற ஓக் வளர நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். போருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எனவே கிழக்கிந்தியக் கம்பெனியின் கண் மலபார்த் தேக்கின் மேல் விழுந்தது. தேக்கில் ஒரு வகை எண்ணெய் உண்டு. கரையான் அண்டாது, தண்ணீரில் எளிதில் இற்றுப்போகாது. ஓக்கின் புளிப்பு இரும்பு ஆணியைத் தின்னும், தேக்கு அப்படிச் செய்யாது. வெயிலிலும் மழையிலும் மாறிமாறிக் கிடந்தாலும் பெரிதாகச் சுருங்காது. பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் இதைப் பலமுறை நிரூபித்திருந்தார்கள். ஜம்ஷெட்ஜி பமன்ஜி வாடியா 1817இல் கட்டி முடித்த ‘திருகோணமலை’ என்ற பெயருள்ள ஃபிரிகேட் இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

1806இல் கம்பெனி மலபாருக்கும் திருவிதாங்கூருக்குமான வனக் காப்பாளர் என்று ஒருவரை நியமித்தது. காப்டன் வாட்சன் என்று பெயர். இந்தியாவின் முதல் வனக் காப்பாளர் இவர்தான். அதற்கு முன் அவர் பார்த்தது போலீஸ் வேலை. மரத்தைக் காப்பது அல்ல அவர் வேலை. மரத்தை மற்றவர்களிடமிருந்து காப்பது. தேக்கு முழுதும் கம்பெனிக்கே என்று அறிவிப்பு வந்தது. தன் நிலத்தில் நின்ற மரத்தைச் சொந்தக்காரர் வெட்டினால் குற்றம். நில உடைமையாளர்களும் மர வியாபாரிகளும் கொதித்தார்கள். விறகுக்குக் காட்டுக்குள் போன எளிய மனிதர்களும் மாட்டிக்கொண்டார்கள். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ இதில் அரசாங்கத்துக்குக் கிடைக்கும் மரத்தைவிடச் சேரும் பகையே அதிகம் என்று கண்டு, 1823இல் அந்தப் பதவியையே ஒழித்தார். நம் கப்பல்கள் மூன்றும் கடலில் இறங்கியது அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில். வாட்சன் ஏற்பாட்டின் கடைசி விளைச்சல் என்று அவற்றைச் சொன்னால் பெரிய தவறில்லை.

தேக்கு வெட்டும் முறை எனக்குப் பிடித்த பகுதி. பச்சைத் தேக்கு மிதக்காது. வெட்டி ஆற்றில் தள்ளினால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகவே மரத்தை நிற்கவைத்தே கொல்ல வேண்டும். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கிவிட்டால், மேலே நீர் ஏறாமல் மரம் நின்றபடியே காயும். இரண்டு ஆண்டுகள் போல அப்படியே விட்டு, பிறகு வெட்டி, யானை வைத்து இழுத்து ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது மூங்கிலோடு சேர்த்துத் தெப்பமாகக் கட்டி இறக்கிவிட வேண்டும். பெரியாறு, சாலக்குடி ஆறு இவற்றின் காடுகளுக்குக் கொச்சிதான் வாசல். நிலம்பூர்க் காட்டு மரம் சாலியாற்றில் பேப்பூருக்குப் போகும். அலிகேட்டரின் விலா எந்தச் சரிவில் நின்ற மரம் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. ஆனால் 1821இல் கடலில் இறங்க வேண்டிய கப்பலின் மரம் அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன்பே எங்கோ ஒரு மேற்குச் சரிவில் வளையம் வெட்டிக் காத்திருந்திருக்கும்.

இங்கே ஒரு தற்செயல் கடற்படைக்குச் சோதனைச்சாலையாக அமைந்தது. வகுப்புக்குப் பெயர் கொடுத்த அத்தால் என்ற கப்பலை ஸ்காட்லாந்தில் அத்தால் பிரபு வளர்த்த லார்ச் மரத்தில் கட்டினார்கள். நீமன் என்ற இன்னொன்றை பால்டிக் கரையிலிருந்து வந்த ஃபர் மரத்தில். அச்சு ஒன்று, மரம் மட்டும் வேறு. 1820இல் இறங்கிய நீமன் எட்டே ஆண்டில், 1828இல், உடைக்கப்பட்டது. லார்ச் சளைக்கவில்லை, நாற்பது ஆண்டுக்கு மேல் தாங்கியது; அதையும் சொல்லிவிட வேண்டும். கொச்சிக் கப்பல்களில் ஹெரால்டு நாற்பது ஆண்டு, அலிகேட்டர் நாற்பத்து நான்கு, சாமராங் அறுபத்தொன்று.

அலிகேட்டரின் முதல் பெரிய வேலை பர்மா. 1824இல் தொடங்கிய முதல் ஆங்கிலேய-பர்மியப் போருக்குச் படையின் பெரும்பகுதி சென்னையிலிருந்துதான் கடல் வழியாகக் கிளம்பியது. வங்காளப் படைச் சிப்பாய்கள் பர்மாவுக்குப் போகும் ஏற்பாடுகளை எதிர்த்து அந்த ஆண்டே பராக்பூரில் கலகம் செய்தார்கள். சென்னைப் படையின் தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள் கப்பலேறினார்கள். 1824 மே மாதம் ரங்கூன் விழுந்தது. விழுந்த ஊரில் சோறு இல்லை, ஆள் இல்லை. மழையும் காய்ச்சலும் இருந்தன. அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் போன நாற்பதினாயிரம் பேரில் சுமார் பதினைந்தாயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நோய்.

ஐராவதி ஆற்றில் கப்பல் மேலே போக முடியாது. கப்பலின் படகுகளைப் பீரங்கி ஏற்றி அனுப்பினார்கள். அலிகேட்டரின் காப்டன் தாமஸ் அலெக்சாண்டர் அங்கே கடற்படையின் மூத்த அதிகாரியாக இருந்து 1825 நவம்பரில் இறந்தார். அவர் இடத்துக்கு ஹென்றி டூசி சாட்ஸ் வந்தார். இந்த சாட்ஸ் ஒரு சுவாரசியமான மனிதர். 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் கப்பல் ஜாவா என்ற பிரிட்டிஷ் ஃபிரிகேட்டை நொறுக்கியபோது, தன் காப்டன் குண்டடிபட்டு விழ, மிச்சமிருந்த கப்பலை ஒப்படைத்தவர் இவர். ஜாவா அப்போது பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் முன்பு சொன்ன திருகோணமலைக் கப்பலின் வரைபடங்கள் அதில்தான் இருந்தன. கப்பலோடு அவையும் போயின, மறுபடி ஒரு படி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய தோல்வியைச் சுமந்த மனிதர் பதின்மூன்று ஆண்டு கழித்துக் கொச்சித் தேக்கின் மேல் நின்று வெற்றிக் கணக்கு எழுதினார். 1826 பிப்ரவரி 24 அன்று யாண்டபோ உடன்படிக்கையில் தளபதி ஆர்ச்சிபால்டு காம்ப்பெல்லோடு கையெழுத்திட்டவர்களில் சாட்சும் ஒருவர். அசாம், மணிப்பூர், அரக்கான், தெனாசரிம் ஆகியவற்றின் மேல் பர்மிய மன்னர் உரிமை இழந்தார். அதோடு ஒரு கோடி ரூபாய் தண்டம்.

தெனாசரிம் கையில் வந்ததும் பிரிட்டிஷாருக்கு மௌல்மீன் கிடைத்தது. மௌல்மீனுக்குப் பின்னால் சால்வீன் ஆறு; ஆற்றுக்குப் பின்னால் தேக்குக் காடு. சில ஆண்டுகளில் மௌல்மீன் மரக்கிடங்கும் கப்பல் கட்டும் துறையும் ஆயிற்று. மலபார்த் தேக்கில் செய்த கப்பல் பர்மாத் தேக்குக்குக் கதவைத் திறந்துவிட்டது. பிறகு நம்மவர்கள் அந்த வழியே போனார்கள். செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தத் தூண்களின் முதல் விலை யாண்டபோவில் பேசியது.

அடுத்தது நியூசிலாந்து. 1834 மார்ச் 20 அன்று வைட்டாங்கியில் ஒரு கூட்டம். சிட்னியிலிருந்து மூன்று கொடி மாதிரிகளைக் கொண்டுவந்திருந்தது அலிகேட்டர். காரணம் ஒரு கப்பல். ஹோகியாங்காவில் கட்டிய ‘சர் ஜார்ஜ் மர்ரே’ 1830இல் சிட்னிக்குப் போனபோது, எந்த நாட்டுக் கொடியும் பதிவும் இல்லை என்று சுங்கத்தார் பிடித்துவைத்தார்கள். அதில் மாவோரித் தலைவர்கள் இருவர் பயணம் செய்திருந்தார்கள். மாவோரிகளுக்கு அது பெரிய அவமானம். எனவே பிரிட்டிஷ் பிரதிநிதி ஜேம்ஸ் பஸ்பி ஒரு கொடியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். தலைவர்கள் வாக்களித்தார்கள்: ஒன்றுக்கு 12, இன்னொன்றுக்கு 10, மற்றதற்கு 3. வென்ற கொடி ஏறியபோது அலிகேட்டர் பீரங்கி மரியாதை செய்தது. சின்னக் கப்பலின் வேலை இதுதான்: கொடியைக் கொண்டுவா, வெடி போடு, போ.

அதே கப்பல் அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் மறுபடி அங்கே வந்தது. ஹேரியட் என்ற கப்பல் ஏப்ரலில் தரநாக்கிக் கரையில் தட்டி உடைந்திருந்தது. மோதலில் பலர் இறந்தார்கள். கப்பல்காரர் கார்டின் மனைவியும் இரண்டு குழந்தைகளும் மாவோரிகளிடம் மாட்டிக்கொண்டார்கள். ஈட்டுப்பொருள் கொண்டுவருவதாகச் சொல்லி விடுதலை பெற்ற கார்டு, சிட்னிக்குப் போய்ப் படையைக் கூட்டிவந்தார். காப்டன் ஜார்ஜ் லாம்பர்ட் தலைமையில் அலிகேட்டரும் கூடவே ஒரு சிறு கப்பலும், 50ஆம் படைப்பிரிவின் சிப்பாய்களும். பெண்ணும் பிள்ளைகளும் மீட்கப்பட்டார்கள். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் கிராமங்கள் எரிந்தன. கோட்டைகள் மேல் குண்டு விழுந்தது. வெட்டிய ஒரு தலைவரின் தலையைச் சிப்பாய்கள் காலால் உதைத்து விளையாடினார்கள். பிரிட்டிஷ் படை மாவோரிகளோடு மோதிய முதல் சம்பவம் இது. நமக்கு இது தெரிவது எதனால்? அலிகேட்டரில் இருந்த மருத்துவர் வில்லியம் மார்ஷல், ஊருக்குத் திரும்பியதும், தன் கப்பல் செய்தது அநியாயம் என்று 1836இல் ஒரு புத்தகமே எழுதினார். பாராளுமன்றக் குழுவும் அளவுக்கு மீறிய வன்முறை என்று கண்டித்தது. கண்டனத்தால் லாம்பர்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. படிப்படியாக உயர்ந்து, 1852இல் ரங்கூன் துறையில் பர்மிய அரசரின் கப்பலைப் பிடித்து, இரண்டாம் பர்மியப் போரை மூட்டியவர் இதே லாம்பர்ட்தான். தலைமை ஆளுநர் டல்ஹௌசியே அவரை எளிதில் தீப்பற்றும் ஆசாமி என்று நொந்துகொண்டார். தரநாக்கியில் கண்டித்ததோடு நிறுத்தாமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்று யோசிக்கத் தோன்றுகிறது; யோசித்து என்ன பயன்.

வைட்டாங்கியில் கொடி ஏறி ஆறு ஆண்டு கழித்து, 1840 ஜனவரி 29 அன்று அந்தப் பக்கத்துக்கு இன்னொரு கொச்சிக் கப்பல் வந்தது. ஹெரால்டு. காப்டன் ஜோசப் நியாஸ். ஏறி வந்தவர் வில்லியம் ஹாப்சன். நியூசிலாந்தை பிரிட்டிஷ் ஆட்சிக்குள் கொண்டுவர அனுப்பப்பட்டவர். மாலுமிகள் ஹெரால்டின் பாய்களையே எடுத்துக் கரையில் பெரிய கூடாரம் போட்டார்கள். பிப்ரவரி 6 அன்று ஹாப்சன் எதிர்பாராமல் கப்பலிலிருந்து அழைக்கப்பட்டு, அதிகாரிக்குரிய தொப்பியைத் தவிர மற்றதெல்லாம் சாதாரண உடையாக, அவசரமாகக் கரையேறினார். மாவோரித் தலைவர்கள் வைட்டாங்கி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பிறகு மேஜர் தாமஸ் பன்பரி என்பவர் ஒரு படியை எடுத்துக்கொண்டு ஹெரால்டில் ஏறி, தெற்குத் தீவைச் சுற்றித் தலைவர்களைத் தேடித் தேடிக் கையெழுத்து வாங்கினார். ஜூன் 17 அன்று கிளவுடி விரிகுடாவில் தெற்குத் தீவு பிரிட்டிஷ் அரசிக்கு உரியது என்று அறிவித்தார். அந்தத் தாளுக்கு நியூசிலாந்து ஆவணக் காப்பகத்தில் இன்றும் ஹெரால்டு படி என்றே பெயர். நில உரிமை வழக்குகளில் அந்த உடன்படிக்கையை இன்றும் வைத்து வாதாடுகிறார்கள்.

வைட்டாங்கியில் அன்று நடந்ததைப் பார்த்துக் குறித்துவைத்தவர் வில்லியம் கொலன்சோ, மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவர். உடன்படிக்கையின் மாவோரிப் பிரதியை அச்சிட்டவரும் அவரே. இந்தக் கொலன்சோதான் அதற்குச் சில ஆண்டு முன்பு, வாங்கரே பக்கத்தில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். பாத்திரம் இல்லை, உடைந்த மணி. ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அதன் விளிம்பில் இருந்த எழுத்து தமிழ். முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பலுக்குரிய மணி என்கிறது அது. பெரிய புயல் ஒன்று ஒரு மரத்தைச் சாய்த்தபோது வேரடியில் கிடைத்ததாக மாவோரிகள் சொன்னார்கள். மணி இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழர் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தார்கள் என்று இதை வைத்துக் கொடி பிடிக்கிறவர்கள் உண்டு; அது வேண்டாம். ஆளில்லாமல் மிதந்த கப்பலும் அவ்வளவு தூரம் போகலாம். மணி மட்டும் கைமாறிக் கைமாறியும் போகலாம். என்னைக் கவர்வது வேறு. தமிழ் முஸ்லிம் கப்பல்காரர் ஒருவரின் மணி கிழங்கு அவிக்கும் சட்டியாகிக் கிடந்த அதே தீவுக்கு, கொச்சித் தச்சர்கள் கட்டிய இரண்டு கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒரு நாட்டின் தலையெழுத்தை மாற்றிவிட்டுப் போயின.

சீனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலிகேட்டர் 1838இல் ஆஸ்திரேலியாவின் வடகரையில் போர்ட் எசிங்டன் என்ற குடியிருப்பை நிறுவ கார்டன் பிரெமரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த ஊர் பதினோரு ஆண்டில் கைவிடப்பட்டது. அங்கிருந்து அபினிப் போர். 1840 ஜூலையில் சூசான் தீவைப் பிடித்த கப்பல்களில் அலிகேட்டர் ஒன்று. 1841இல் கான்டன் ஆற்றுச் சண்டைகளில் ஹெரால்டு. தலைமைக் கப்பல்களாக இருந்த வெல்லெஸ்லியும் கார்ன்வாலிசும் பம்பாயில் கட்டிய தேக்குக் கப்பல்கள். 1842 ஆகஸ்டில் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது கார்ன்வாலிசின் மேல். அபினியும் இந்தியாவுடையது, கப்பலும் இந்தியாவுடையது, சிப்பாய்களில் பலரும் இந்தியர்.

இனி எனக்கு விருப்பமான வேலை: அளவெடுப்பு. அளவெடுக்கும் கப்பல் நாளெல்லாம் கரையோரம் மெதுவாக நகரும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுப் பாகக் கணக்கில் ஆழம் பார்ப்பார்கள். நம் மீனவர்களும் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள், ஒரு பாகம் ஆறடி. கரையில் தெரியும் குன்றுக்கும் முனைக்கும் கோணம் எடுத்து எல்லாவற்றையும் தாளில் ஏற்றுவார்கள். சாமராங் 1843 முதல் 1846 வரை எட்வர்டு பெல்ச்சர் தலைமையில் போர்னியோ, பிலிப்பைன்ஸ் தீவுகள், ரியூக்யூ தீவுகள், கொரியாவின் ஜெஜு என்று இப்படிச் சுற்றியது. பாறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போன கப்பல் 1843 ஜூலையில் சரவாக் ஆற்றில் தானே பாறையில் ஏறிச் சாய்ந்து நீரில் மூழ்கியது. இதைவிடச் சிறந்த அளவெடுப்பு கிடையாது. இரண்டு வாரத்துக்குள் தூக்கி நிறுத்தி, நீரை இறைத்து, சரிசெய்து கிளம்பினார்கள். ஃபர் மரக் கப்பலாக இருந்தால் அங்கேயே விறகாகியிருக்கும். அந்தக் கப்பலில் ஆர்தர் ஆடம்ஸ் என்ற துணை மருத்துவர் சங்கும் சிப்பியும் சேகரித்தார். அவற்றைப் பற்றிய நூல் விலங்கியலில் இன்றும் பேர் பெற்றது. ஃபிராங்க் மாரியட் என்ற இளைஞர் படம் வரைந்து புத்தகம் எழுதினார். அவருடைய அப்பா ஃபிரெடெரிக் மாரியட், கடல் நாவல்களால் பெயர் பெற்றவர், அலிகேட்டர் போன அதே பர்மியப் போரில் லார்ன் என்ற இன்னொரு சின்னக் கப்பலின் காப்டன்.

ஹெரால்டு இன்னும் தூரம் போனது. 1845இல் ஹென்றி கெல்லட் தலைமையில் பசிபிக்கை அளக்கக் கிளம்பியது. அதே ஆண்டு வடதுருவக் கடல்வழி தேடி ஜான் ஃபிராங்க்ளின் உட்பட 129 பேர் போய்க் காணாமல்போனார்கள். ஃபிராங்க்ளினைத் தேட 1848, 1849, 1850 என்று மூன்று கோடைகளில் ஹெரால்டைப் பேரிங் நீரிணைக்கு அப்பால் அனுப்பினார்கள். ஃபிராங்க்ளின் கிடைக்கவில்லை. 1849 ஆகஸ்டில் பனிக்கடலில் ஒரு பாறைத் தீவு கிடைத்தது. அதற்கு ஹெரால்டு தீவு என்று கப்பலின் பெயரே நின்றுவிட்டது. இன்று ரஷ்யாவுக்கு உட்பட்டது. மழைக்காட்டு மரம் பனிக்கட்டியோடு உரசியதை நினைத்துப் பாருங்கள்.

1852 முதல் 1861 வரை ஹென்றி மாங்கிள்ஸ் டென்ஹாம் அதே கப்பலில் தென் பசிபிக்கை அளந்தார். போகிற வழியில் 1852 அக்டோபரில் தென் அட்லாண்டிக்கில் கயிறு விட்டு 7,706 பாகம் ஆழம் என்று எழுதினார். பதினான்கு கிலோமீட்டர்! உலகக் கடலில் எங்குமே அவ்வளவு ஆழம் இல்லை. குண்டு தரையைத் தொட்ட பின்னும் நீரோட்டம் கயிற்றை இழுத்துக்கொண்டே போயிருக்கும். அட்லாண்டிக்கில் தவறிய டென்ஹாம் பவளக் கடலில் தவறவில்லை. ஃபிஜியிலிருந்து ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை வரை பாறைகளையும் மணல்திட்டுகளையும் ஒன்பது ஆண்டு பொறுமையாகக் குறித்தார். ஷார்க் விரிகுடாவில் ஓர் ஊருக்கு அவர் பெயர் இருக்கிறது. போரில் வென்ற காப்டனுக்குச் சிலை கிடைக்கும். பாறையைக் குறித்த காப்டனால் தப்பிய கப்பல்களுக்குத் தாம் தப்பியது தெரியாது. ஆனால் அந்தப் படங்களால் முதலில் பயன் அடைந்தது யார் என்பதையும் கேட்க வேண்டும்: பின்னால் வந்த வணிகரும், பாதிரியாரும், பீரங்கிக் கப்பலும்.

ஹெரால்டு 1862இல் விலைக்குப் போனது. அலிகேட்டர் 1846 முதல் ஹாங்காங்கில் மருத்துவமனைக் கப்பலாக நங்கூரமிட்டது. அதற்கு முன் அதே வேலையைப் பார்த்த மின்டன் என்ற கப்பல் பம்பாய்த் தேக்கு; தேக்கு போய்த் தேக்கு வந்தது. 1865இல் அங்கேயே விற்றார்கள். சாமராங் 1847 முதல் ஜிப்ரால்டரில் காவல் கப்பல்.

இதற்கிடையே மலபாரில் ஒரு காரியம் நடந்தது. இஷ்டத்துக்கு வெட்டியதன் விளைவு 1840களில் தெரிந்தது. பெரிய தேக்கு அரிதாகிவிட்டது. மலபார்க் கலெக்டர் கனோலி, கப்பலுக்குத் தேக்கு வேண்டும் என்று நிலம்பூரில் தோட்டமாகவே நடச் சொன்னார். முளைக்க வைக்க முதலில் தவறித் தவறி, சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரியின் கைக்கு வந்த பிறகு கன்றுகள் பிடித்தன. கப்பல் மரமாக அவை முற்ற அறுபது ஆண்டுக்கு மேல் வேண்டும். 1860இல் இங்கிலாந்து இரும்பு உடலோடு வாரியர் என்ற போர்க்கப்பலைக் கடலில் இறக்கிவிட்டது. ஜிப்ரால்டரில் சாமராங் 1883இல் விலைக்குப் போனபோது நிலம்பூர்க் கன்றுகளுக்கு நாற்பது வயதுதான் ஆகியிருந்தது. அவை வெட்டுக்கு முற்றியபோது போர்க்கப்பலுக்கு மரம் கேட்க யாரும் வரவில்லை. அதில் ஒரு பாத்தியை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். சாலியாற்றைக் கடந்தால் நடந்தே போய்ப் பார்க்கலாம்.